லேன் கூட்டினால் லாரி சீக்கிரம் போகுமா? சாஃப்ட்வேரில் ‘பேரலல்’ போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி

2025 பிப்ரவரி 17 அன்று ஃபாஸ்டேக்கில் ஒரு புது விதி நடைமுறைக்கு வந்தது. சுங்கச்சாவடி ரீடர் டேக்கைப் படிப்பதற்கு முன் 60 நிமிடங்களுக்கு மேலாகவும், படித்த பிறகு 10 நிமிடங்கள் வரையிலும் அந்த டேக் பிளாக்லிஸ்ட்டிலோ லோ பேலன்ஸிலோ இருந்தால் பரிவர்த்தனை நிராகரிக்கப்படும் என்றது என்பிசிஐ. டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி வண்டியை ஓரங்கட்டி ரீசார்ஜ் பண்ணினா செல்லாதா? லாரி ஓட்டுபவர்களுக்கு உடனே எழும் கேள்வி இதுதான்.

சில நாட்களிலேயே தேசிய நெடுஞ்சாலை ஆணையம் விளக்கம் கொடுத்தது. இந்த விதி வங்கிகளுக்கு இடையிலான கணக்கு வழக்குக்கானது, வாகன ஓட்டிகளைப் பாதிக்காது என்றது. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் டேக்கின் நிலை உடனுக்குடன் தெரியும், சாவடியைக் கடக்கும் முன் எப்போது வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்யலாம் என்றும் சொன்னது. அப்போது மாநில நெடுஞ்சாலைச் சாவடிகள் சிலவற்றில் மட்டும் பழைய முறை இருந்தது. அங்கே டேக்கின் நிலைப் பட்டியல் அவ்வப்போதுதான் புதுப்பிக்கப்பட்டது.

இந்தக் குழப்பத்தில் எந்த கம்ப்யூட்டரும் மெதுவாக ஓடவில்லை. ரீசார்ஜ் முதலில் வந்ததா, ரீடர் முதலில் படித்ததா என்பதுதான் பிரச்சினை. வேகத்தை விட வரிசை முக்கியமான இடங்கள் உண்டு. டேட்டா ஓட்டத்தைப் பல த்ரெட்களில் பிரித்து ஓட்டும் சாஃப்ட்வேர் டீம்கள் முதலில் மறப்பது இதைத்தான்.

ஸ்ட்ரீம் என்றால் என்ன?

சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இதை விளக்க லாரியை விட நல்ல உதாரணம் கிடையாது. கேரளாவுக்கு முட்டை ஏற்றிப் போகும் வண்டி, எல்பிஜி டேங்கர், வடமாநிலம் வரை போகும் ரிக் வண்டி என எதில் ஜிபிஎஸ் கருவி மாட்டினாலும், அது சில விநாடிக்கு ஒருமுறை ஒரு தகவல் அனுப்பும்: எந்த இடம், எத்தனை வேகம், இன்ஜின் ஓடுதா இல்லையா. முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் இந்தத் தகவல் வரிசைதான் ஸ்ட்ரீம்.

தகவல் வர வர அதற்கேற்ப வேலை நடக்கும்படி புரோகிராம் எழுதுவதை ரியாக்டிவ் முறை என்கிறார்கள். மைக்ரோசாஃப்டில் எரிக் மெய்யர் குழு உருவாக்கிய ‘ஆர்எக்ஸ்’ 2009-இல் வெளிவந்தது. அதை ஜாவாவுக்குக் கொண்டுவந்த நெட்ஃப்ளிக்ஸ், 2013-இல் ‘ஆர்எக்ஸ்ஜாவா’வை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2015-இல் ‘ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ்’ என்ற பொது விதிமுறையின் முதல் பதிப்பு வந்தது. 2017-இல் ஜாவா 9 அதை மொழிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. ஸ்பிரிங் பயன்படுத்துபவர்களுக்குப் பழக்கமான ‘ரியாக்டர்’ லைப்ரரியும் இதே விதிமுறையில்தான் ஓடுகிறது.

அந்த விதிமுறையில் முக்கியமான ஒரு ஷரத்து உண்டு. ஒரு சப்ஸ்கிரைபருக்குத் தகவல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும்; ஒரே நேரத்தில் இரண்டு போகக் கூடாது. அதாவது, ஸ்ட்ரீம் என்பது இயல்பிலேயே ஒற்றை லேன் சாலை. ‘ரியாக்டிவ்ல எழுதிட்டோம், தானா பேரலலா ஓடும்’ என்ற நம்பிக்கை இங்கேயே அடிபட்டுப் போகிறது. பேரலல் வேண்டுமென்றால் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பட்டறையில் நடப்பது போல

கேட்டு வாங்குவதிலும் இரண்டு வகை உண்டு. இன்டர்வியூவில் அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையை எடுத்துக்கொள்ளலாம். வெறும் சேசிஸாக வரும் வண்டிக்கு ஒரு இடத்தில் வெல்டிங், அடுத்த இடத்தில் டிங்கர் வேலை, அதற்கடுத்து பெயின்டிங். முதல் வண்டி பெயின்டிங்கில் இருக்கும்போது இரண்டாவது வண்டி வெல்டிங்கில் இருக்கும். ஆட்கள் வேறு வேறு, வேலையும் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஆனால் வெல்டிங்குக்கு ஒரே ஒரு ஆள் என்றால், வண்டிகள் அவரிடம் ஒவ்வொன்றாகத்தான் போக முடியும். ரியாக்டரில் ‘பப்ளிஷ்ஆன்’, ஆர்எக்ஸ்ஜாவாவில் ‘ஆப்சர்வ்ஆன்’ போட்டால் நடப்பது இதுதான். அடுத்த கட்ட வேலை வேறு த்ரெட்டுக்குப் போகும். அந்தக் கட்டத்துக்குள் வரிசை அப்படியே இருக்கும்.

இரண்டாவது வகை, நான்கு வெல்டர்களை வைத்து நான்கு வண்டிகளுக்கு ஒரே நேரத்தில் வெல்டிங் செய்வது. ‘பேரலல்’ என்ற ஆபரேட்டர் இதற்குத்தான். அது ஸ்ட்ரீமை, தனியாகச் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை தடங்களாகப் பிரிக்கும். ஆனால் பிரிப்பதோடு அதன் வேலை முடிந்தது. எந்த த்ரெட்களில் ஓட வேண்டும் என்று ‘ரன்ஆன்’ போட்டுச் சொல்லாவிட்டால் எல்லாத் தடமும் பழைய த்ரெட்டிலேயே ஓடும். நான்கு வெல்டிங் மேடை போட்டுவிட்டு ஒரே ஆளை நாலு பக்கமும் ஓடவிட்ட கதைதான்.

எப்போது லாபம்?

ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். 1,000 லாரிகள், ஒவ்வொன்றும் 10 விநாடிக்கு ஒரு தகவல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 100 தகவல்கள். ஒவ்வொன்றுக்கும் 20 மில்லிவிநாடி கணக்கு வேலை. அதாவது வண்டி எந்தச் சாலையில், எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று பார்ப்பது. ஒரு த்ரெட் விநாடிக்கு 50 தகவல்தான் முடிக்கும். மீதி 50 தேங்கும். ஒரு மணி நேரத்தில் தேங்கியது 1,80,000. அப்போது திரையில் ஓனர் பார்ப்பது அரை மணி நேரத்துக்கு முன் வண்டி இருந்த இடத்தை.

இங்கே நான்கு கோர்களில் வேலையைப் பிரித்தால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 200 தகவல் வரை முடிக்கலாம். தேக்கமே இருக்காது. ப்ராசஸர் உட்கார்ந்து கணக்குப் போடும் வேலைக்குப் பேரலல் உண்மையிலேயே கைகொடுக்கும்.

அதே 20 மில்லிவிநாடி, டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரமாக இருந்தால் கதை வேறு. அங்கே ப்ராசஸர் சும்மாதான் இருக்கிறது. தேவைப்படுவது கூடுதல் கோர் கிடையாது, ஒரே நேரத்தில் பல கேள்விகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வசதி. அதற்கு ‘ஃபிளாட்மேப்’ போதும். அதிலும் எத்தனை கேள்வி ஒரே நேரத்தில் போகலாம் என்ற எண்ணிக்கையைக் கவனித்து வைக்க வேண்டும். ரியாக்டரில் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 256. டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பத்துதான் இருக்கிறது என்றால், 64 த்ரெட் திறந்தாலும் 54 த்ரெட் வாசலில்தான் நிற்கும். ராசம்பாளையம் டோல்கேட்டுக்கு முன் ரோட்டை எட்டு லேனாக அகலப்படுத்திவிட்டு, பூத்தை இரண்டே இரண்டாக விட்டால் என்ன ஆகும்? அதேதான்.

1967-இலேயே ஜீன் அம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் இந்த வரம்பைச் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் 20 சதவீதம் பிரிக்கவே முடியாதது என்றால், நான்கு கோர் போட்டால் வேகம் 2.5 மடங்கு ஆகும். எட்டு கோருக்கு 3.3 மடங்கு, 16 கோருக்கு 4 மடங்கு. ஆயிரம் கோர் போட்டாலும் 5 மடங்கைத் தாண்டாது. கிளவுட் பில் மட்டும் தாண்டிக்கொண்டே போகும்.

வரிசை மாறினால் யாருக்கு நஷ்டம்?

வேகக் கணக்கில் தப்பினால் பணம்தான் வீண். வரிசையில் தப்பினால் அது ஒரு மனிதர் மேல் போய் விழும்.

‘பேரலல்’ ஆபரேட்டர் தகவல்களைச் சீட்டுக்கட்டு போடுவது மாதிரி தடத்துக்கு ஒன்றாகப் பங்கு போடுகிறது. ஒரே லாரியின் முதல் தகவல் ஒன்றாம் தடத்திலும் அடுத்தது இரண்டாம் தடத்திலும் போகலாம். இரண்டாவது முதலில் முடிந்துவிடவும் செய்யலாம். கடைசியில் ‘சீக்வென்ஷியல்’ போட்டுத் தடங்களை இணைத்தால் பழைய வரிசை திரும்பிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். திரும்பாது. எது முடிந்ததோ அதை வாங்கி ஒரே ஓட்டமாக்குவது மட்டுமே அதன் வேலை.

ஒரு வண்டி ஓமலூர் தாண்டி, ராசம்பாளையம் தாண்டி, வேலஞ்செட்டியூர் நோக்கிப் போகிறது. ‘லோ பேலன்ஸ்’ என்று ஒரு தகவல். டிரைவர் உடனே ரீசார்ஜ் செய்கிறார். ‘ரீசார்ஜ் ஆச்சு’ என்று அடுத்த தகவல். இரண்டும் வேறு வேறு த்ரெட்டில் ஓடி, ரீசார்ஜ் முதலில் பதிவாகி லோ பேலன்ஸ் பின்னால் பதிவானால், கம்பெனி ஆப்பில் அந்த வண்டிக்குக் கடைசியாக நிற்பது ‘லோ பேலன்ஸ்’. ஓனர் போன் போட்டுத் திட்டுவார், அல்லது இன்னொரு தடவை பணம் போடுவார். ‘யார்டை விட்டுக் கிளம்பியது’, ‘யார்டுக்குள் வந்தது’ இரண்டும் இடம் மாறினாலும் இதே கதை. ரோட்டில் ஓடும் வண்டி யார்டில் நிற்பதாகக் காட்டும். டிரைவரின் படிக்காசு, லோடு தாமதத்துக்கான பிடித்தம் எல்லாம் இந்தப் பதிவை வைத்துக் கணக்கிடும் இடங்களில், தப்பு த்ரெட்டில் நடந்தாலும் சந்தேகம் விழுவது டிரைவர் மேல்.

இந்த பக் டெஸ்டிங்கில் சிக்குவது அபூர்வம். டெவலப்பரின் லேப்டாப்பில் பத்து வண்டி டேட்டாவை வைத்து ஓட்டும்போது வரிசை பெரும்பாலும் சரியாகவே வரும். ஆயிரம் வண்டி, நள்ளிரவு, நெட்வொர்க் திணறும் நேரம் என்று வரும்போதுதான் மாறும். மறுநாள் காலையில் தேடினால் தடயமே இருக்காது. ‘சிஸ்டம் கரெக்ட்டா இருக்கு, டிரைவர்தான் ஏதோ பண்ணிட்டார்’ என்று முடித்துவிடுவது எல்லோருக்கும் சுலபம்.

வண்டி நம்பரே வழி சொல்லும்

அப்படியானால் பேரலல் வேண்டாமா? வேண்டும். எதை வைத்துப் பிரிப்பது என்பதை மட்டும் மாற்ற வேண்டும்.

வெவ்வேறு லாரிகளின் தகவல்களுக்கு இடையே வரிசை தேவையே இல்லை. ஒரே லாரியின் தகவல்களுக்குள் வரிசை கட்டாயம். ஆகவே வண்டி நம்பரை வைத்துப் பிரித்தால் போதும். நம்பரின் கடைசி நான்கு இலக்கம் 4517 என்றால் எட்டால் வகுத்து மீதி 5. அந்த வண்டியின் எல்லாத் தகவலும் எப்போதும் ஐந்தாம் தடத்துக்குத்தான். எட்டுத் தடமும் ஒரே நேரத்தில் ஓடும். எந்த வண்டியும் தன்னைத் தானே முந்தாது. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011-இல் ஓப்பன் சோர்ஸான ‘காஃப்கா’வும் இதே வழியில்தான் போகிறது: ஒரே கீ உள்ள தகவல்கள் ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும், பார்ட்டிஷனுக்குள் வரிசை மாறாது.

ஒரு எச்சரிக்கை. ‘குரூப்பை’ என்ற ஆபரேட்டரை வைத்து லாரிக்கு ஒரு குரூப் என 1,000 குரூப் உருவாக்கிவிட்டு, பின்னால் ‘ஃபிளாட்மேப்’பை அதன் வழக்கமான 256-லேயே விட்டால், மீதி குரூப்களை எடுக்க ஆள் இல்லாமல் மொத்த ஓட்டமும் நின்றுபோகலாம். எரர்கூட வராது, சும்மா நிற்கும். எட்டு அல்லது பதினாறு என்று தடங்களை முன்கூட்டியே முடிவு செய்வதே பாதுகாப்பு.

அதோடு, ஒவ்வொரு தகவலிலும் சம்பவம் நடந்த நேரம் இருக்க வேண்டும். சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் மட்டும் போதாது. மலைப்பாதையில் சிக்னல் இல்லாதபோது சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் ஜிபிஎஸ் கருவிகள் உண்டு. அவற்றின் தகவல் எந்த த்ரெட்டில் ஓடினாலும் தாமதமாகத்தான் வரும். 2025 ஃபாஸ்டேக் விதியிலும் மையமாக இருந்தது ‘ரீடர் படித்த நேரம்’தான்.

தாங்க முடியாதபோது எதை விடுவது?

ரியாக்டிவ் ஸ்ட்ரீமின் பெரிய பலம் ‘பேக்பிரஷர்’. எனக்கு இத்தனை தகவல் போதும், அதற்கு மேல் அனுப்பாதே என்று வாங்குபவர் அனுப்புபவரிடம் சொல்லும் ஏற்பாடு அது. ஆனால் ஓடும் லாரியிடம் ‘கொஞ்சம் நில்லு, அப்புறம் அனுப்பு’ என்று சொல்ல முடியாது. வருவது வந்துகொண்டேதான் இருக்கும். அப்போது மூன்றே வழி: சேர்த்து வைப்பது, கைவிடுவது, கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்வது.

இதை டெக்னிக்கல் செட்டிங் என்று நினைத்து ஜூனியர் டெவலப்பரிடம் தள்ளிவிடும் டீம்கள்தான் சிக்கலில் மாட்டுகின்றன. வண்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தவரை பழையது போனால் பரவாயில்லை, கடைசியாக வந்தது போதும். சுங்கக் கட்டணம், ரீசார்ஜ், வேகத்தடை மீறல் போன்றவற்றில் ஒன்றைக்கூட விடக் கூடாது. இரண்டையும் ஒரே குழாயில் விட்டு ‘நிறைந்தால் கைவிடு’ என்று எழுதுவது, ஏதோ ஒரு டிரைவரின் ஆதாரத்தைக் குப்பையில் போடுவதற்குச் சமம். எதை விடலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர், அந்த நஷ்டம் யாருக்கு என்று தெரிந்தவர்.

விர்ச்சுவல் த்ரெட் வந்தாச்சே?

2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21, விர்ச்சுவல் த்ரெட்களை முழுமையாகக் கொண்டுவந்தது. லட்சக்கணக்கில் லேசான த்ரெட்களைத் திறக்கலாம். ‘இனி ரியாக்டிவ்வே வேண்டாம், சாதாரணமா எழுதினா போதும்’ என்ற வாதம் அதிலிருந்து பலமாகியிருக்கிறது. காத்திருக்கும் வேலைகளைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் நியாயம் உண்டு. கோட் எளிதாகப் படிக்கும்படி இருக்கும், புதிதாகச் சேர்பவருக்கும் புரியும்.

ஆனால் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பத்து என்றால் அப்போதும் பத்துதான். லட்சம் த்ரெட் திறந்தால் ஒரே லாரியின் தகவல்கள் வரிசை மாறும் வாய்ப்பு அதிகமாகுமே தவிரக் குறையாது. தேங்கினால் எதைக் கைவிடுவது என்ற கேள்வியும் அப்படியே நிற்கும். கருவி மாறினாலும் பொறுப்பு மாறவில்லை.

என்ன செய்யணும்?

சேலம், நாமக்கல் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிகளில் படித்து பெங்களூரு, சென்னை, கோவை கம்பெனிகளில் உட்கார்ந்து இப்படிப்பட்ட கோட் எழுதும் இளைஞர்கள் ஏராளம். பலரின் வீட்டிலோ உறவிலோ லாரியோடு, பண்ணையோடு, பட்டறையோடு தொடர்புள்ள ஒருவர் இருப்பார். தகவல் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறிவு கோட் ரிவ்யூவுக்குள் வர வேண்டும், அவ்வளவுதான்.

‘பேரலல்’ என்ற ஒரு வரி ரிவ்யூவுக்கு வந்தால் மூன்று கேள்வி கேட்பது வழக்கமாக வேண்டும். இந்த வேலை ப்ராசஸரைத் தின்கிறதா, அல்லது காத்திருக்கிறதா? எந்த இரண்டு தகவல்கள் இடம் மாறக் கூடாது? தேங்கினால் எதை விடப்போகிறோம், அதனால் யாருக்கு நஷ்டம்? மூன்றுக்கும் பதில் எழுதாமல் அந்த வரி புரொடக்‌ஷனுக்குப் போகக் கூடாது. வேகமாகிவிட்டது என்று சொல்பவர், முன்னும் பின்னும் அளந்த எண்ணைக் காட்ட வேண்டும்.

லாரி ஓனர்களுக்கும் ஒரு வேலை உண்டு. டிராக்கிங் ஆப் விற்க வருபவரிடம் ‘எத்தனை விநாடியில அப்டேட் ஆகும்?’ என்று மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. தகவல் தாமதமாக வந்தால் ஆப் என்ன காட்டும், இரண்டு தகவல் இடம் மாறினால் எப்படிக் கண்டுபிடிக்கும், டிரைவர் மேல் பிடித்தம் போடும் முன் மூலத் தகவலைப் பார்க்க முடியுமா என்றும் கேட்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாத ஆப்பை நம்பி ஒரு டிரைவரின் சம்பளத்தில் கைவைப்பது நியாயமே இல்லை.